தி. சு. அவிநாசிலிங்கம்: எம்.பி. பதவிக்கு முன்பே தொடங்கிய கொடை (கேள்வி பதில்)

கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியாரைப் பற்றி எழுதியதும் நிறைய பேர் கேள்வி அனுப்பினீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, அவர் எம்.பி.யாகவும் இருந்தாரா? கல்வி அமைச்சர் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இருந்தார், அதுவும் நீண்ட காலம். 1903-இல் திருப்பூரில் பிறந்தவர், சட்டம் படித்தவர், காங்கிரஸ் போராட்டங்களில் பலமுறை சிறை போனவர். 1930-களின் நடுவிலிருந்து 1945 வரை டெல்லி மத்திய சட்டசபையில் இருந்தார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். 1952 தேர்தலில் திருப்பூரிலிருந்து மக்களவை, பிறகு 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை. 1970-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார், பள்ளிக்கூடம் கட்டுவது ஓட்டு வாங்கத்தானே? எல்லா அரசியல்வாதியும் செய்வதுதான்.

வருடத்தை மட்டும் பாருங்கள். வித்யாலயம் தொடங்கியது 1930. அவர் டெல்லிக்குப் போனது அதற்குச் சில வருடம் கழித்து. 1934-இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். மகளிருக்கான மனையியல் கல்லூரியை 1957-இல் தொடங்கினார், அதாவது மக்களவைப் பதவிக்காலம் முடிந்த வருடம். பதவி வருவதற்கு முன்னும், ஒரு பதவி போன பின்னும் செய்தவரை ஓட்டுக்காகச் செய்தார் என்று எப்படிச் சொல்வது? திருமணமும் செய்துகொள்ளவில்லை. குடும்பச் சொத்து, ஊர் ஊராகத் திரட்டிய நன்கொடை எல்லாம் இந்த நிறுவனங்களுக்கே போயின. அந்த மனையியல் கல்லூரி 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதைப் பல்லாண்டு வழிநடத்திய ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் தேவதாஸைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

எம்.பி. நிதியை வாங்கித் தன் பள்ளிக்கே போட்டுக்கொண்டிருக்கலாமே?

அவர் காலத்தில் அப்படி ஒரு நிதியே கிடையாது. தொகுதி மேம்பாட்டு நிதி வந்தது 1993 டிசம்பரில், அவர் 1991-இலேயே காலமாகிவிட்டார். இன்று ஒரு எம்.பி.க்கு வருடம் 5 கோடி ரூபாய் என்கிறார்கள், ஆனால் அது அவர் கையில் வருவதில்லை. அவர் இன்ன வேலை செய்யலாம் என்று பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். எம்.பி.யோ அவர் குடும்பத்தாரோ பொறுப்பில் இருக்கும் அறக்கட்டளைக்கு அந்தப் பணத்தைத் தரவும் கூடாது. ஆகவே இன்று இருந்திருந்தாலும் வித்யாலயத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுத்திருக்க முடியாது. அரசுப் பணத்தில் நிழற்குடை கட்டிப் பெயர் போட்டுக்கொள்வதைக் கொடை என்று நாம் பாராட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அது அந்தப் பதவிக்கான வேலை. கொடை என்றால் சொந்தக் கையிலிருந்து போக வேண்டும், அதோடு முப்பது நாற்பது வருடம் கூடவே நின்று நடத்தவும் வேண்டும்.

அமைச்சராக இருந்தபோது அப்படி என்ன சாதித்தார்?

உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல வருடமாக இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அது நிறைவேறியபோது கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம். ஊர் நூலகத்தில் ஓசியில் பேப்பர் படித்து வேலைத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்! ஒரு செல்வந்தர் பத்து நூலகம் கட்டித் தரலாம், அவருக்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். இதற்கோ வரியே வந்துகொண்டிருக்கிறது. அவர் செய்ததில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன், பள்ளியைவிடவும். அப்புறம், உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழி ஆக்கியதிலும் திருக்குறளைப் பாடத்தில் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் முயற்சியில் வந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் அரசு வெளியீடு இல்லையா?

இல்லை. 1946-இல் அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வெளியீடு. அரசு உதவியும் கிடைத்தது, நன்கொடையும் திரட்டினார்கள். முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன், அவர் அதற்கு முன் இதே வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். 1954-இல் முதல் தொகுதி, 1968-இல் பத்தாவது. அமைச்சர் பதவி போய்ப் பல வருடம் ஆன பிறகும் அந்த வேலையை விடாமல் முடித்தார். அதோடு நிற்காமல் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதி போட்டார்கள்.

அந்தத் தொகுதிகள் இப்போது எங்கே கிடைக்கும்? பழைய புத்தகக் கடையில் தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருக்கிறது, காசில்லாமல் படிக்கலாம். முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அறிவியல் பொருளைத் தேடி எடுத்து, அதை அந்தக் காலத்திலேயே தமிழில் எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.