கடைப் பலகையில் அப்பாஸ்ட்ரபி: எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

கேள்வி: பெண்கள், குழந்தைகளுக்கான ரெடிமேட் கடை திறக்கப் போகிறேன். ‘லேடீஸ் அண்ட் சில்ட்ரன்ஸ் வேர்’ என்று ஆங்கிலத்தில் பலகை. டிசைன் செய்தவர் இரண்டு சொல்லிலும் எஸ்ஸுக்குப் பின்னால் அப்பாஸ்ட்ரபி (‘உடைய’ என்று காட்ட மேலே வைக்கும் ’ குறி) வைத்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகள், ஒன்று தப்பு என்கிறாள். அச்சுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா, மகள் சொல்வதுதான் சரி. லேடீஸில் குறி எஸ்ஸுக்குப் பின்னால் (Ladies’). சில்ட்ரன்ஸில் எஸ்ஸுக்கு முன்னால் (Children’s).

‘ஒருமைக்கு முன்னால், பன்மைக்குப் பின்னால்’ என்று பள்ளியில் ஒரே வரியை உருப்போட வைத்து, கோடிட்ட இடத்தை நிரப்பியதும் மார்க் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த அரைகுறை வரிதான் ஊரெல்லாம் பலகையாகத் தொங்குகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது, பன்மைச் சொல் எஸ்ஸில் முடிகிறதா என்பதை மட்டும்தான். லேடீஸ் முடிகிறது, குறி மட்டும் போதும். சில்ட்ரன் முடியவில்லை, குறி வைத்து எஸ் சேர்க்க வேண்டும். மென், விமன் இரண்டும் அப்படியே. 1915-இல் சென்னையில் தொடங்கிய விமன்’ஸ் கிறிஸ்டியன் காலேஜின் பெயரை ஆங்கிலத்தில் பாருங்கள், குறி எஸ்ஸுக்கு முன்னால்தான் நிற்கும்.

டிசைனர் அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: “குறியே வேண்டாம் மேடம், இப்பல்லாம் யாரும் போடறதில்ல.” லண்டன் ஹாரட்ஸ் கடையைக் காட்டுவார். வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் குறியை எடுத்ததையும் சொல்வார். உண்மைதான். ஆனால் அவை கடைகளின் சொந்தப் பெயர்கள். எப்படி எழுதுவது என்பது அவர்கள் இஷ்டம். லேடீஸிலும் குறியை விடலாம், லேடீஸ் என்று ஒரு சொல் இருப்பதால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சில்ட்ரன்ஸில் குறியை எடுத்தால் மிஞ்சுவது ஆங்கிலத்திலேயே இல்லாத சொல். சில்ட்ரு என்பதே பழைய ஆங்கிலத்தில் பன்மை. அது போதாதென்று பின்னால் ஒரு ‘என்’ ஒட்டிச் சில்ட்ரன் ஆனது. ஏற்கெனவே இரண்டு பன்மை ஒட்டு. மூன்றாவதாக ஓர் எஸ்ஸைப் பன்மைக்காகச் சேர்க்க அங்கே இடமில்லை. மென்ஸ், விமன்ஸ் என்று குறியில்லாமல் எழுதுவதும் இதே பிழைதான். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை என்பதையும் நம்பாதீர்கள். இடம் மாறிய குறியை அது பல நேரம் கண்டுகொள்ளாது.

இதைவிடப் பெரிய வம்பு காசில் வரும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அரைகுறையாகப் பார்த்து நீங்கள் ‘ஓகே’ போட்டால், பிறகு பிழையைத் திருத்தும் செலவை உங்கள் தலையில் கட்டுவார்கள். எல்இடி எழுத்துப் பலகை என்றால் அந்தச் சின்னக் குறியும் தனித் துண்டு. கழற்றி மாட்டக் கூலி கேட்பார்கள், பழைய துளையும் தெரியும். ஆகவே அளவு மாறாத கடைசிப் படத்தை அச்செடுத்து, குறி வரும் இரண்டு இடத்தையும் பேனாவால் வட்டமிட்டு, அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

பின்னாளில் ஆண்கள் பிரிவு சேர்த்தால், மென்’ஸ் என்று குறி முன்னால் வரும். ஜென்ட்ஸ் என்று போட்டால் லேடீஸ் மாதிரி பின்னால்.