"விளையாட்டில் அனுமதி உண்டு" என்று மகன் சொன்னால்

மகன் இணைய விளையாட்டில் தம்பியை ஏமாற்றிவிட்டான், விளையாட்டையே தடை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடை செய்ய வேண்டாம். விளையாட்டில் அவன் ஏமாற்றி வாங்கிய வாளை இன்றே தம்பியிடம் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். சித்தப்பா மகனிடமிருந்த அரிய வாளின் மதிப்பை மறைத்து மலிவாக வாங்கிவிட்டு "இதுதான் வியாபாரம்" என்கிறானே உங்கள் மகன், அவன் அனுமதியையும் நியாயத்தையும் ஒன்றாக எண்ணுகிறான் என்றே தோன்றுகிறது.

விதி விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். 'ஈவ் ஆன்லைன்' என்ற இணைய விளையாட்டு வணிக ஏமாற்றைப் பெரும்பாலும் அனுமதிக்கிறது. 'ரூன்ஸ்கேப்' என்ற விளையாட்டு தடுக்கிறது, பண்டமாற்றை மறுபடி சரிபார்த்து உறுதிசெய்ய இரண்டாவது திரையே வைத்திருக்கிறது. இரண்டையும் அவனுக்குக் காட்டுங்கள்.

பிறகு நம் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் சந்தைக்கு அழைத்துப் போய், தக்காளிப் பெட்டியின் அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே சிவந்த பழமும் அடியில் நசுங்கியதும் இருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி வருவாயா என்று கேளுங்கள். தோழியை இப்படி ஏமாற்றியிருந்த என் மகளிடம் இதைத்தான் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் நடந்தவள், வீடு வந்ததும் தோழியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

ஒரு எச்சரிக்கை: அவனும் ஏமாந்திருக்கலாம். குழப்பமான பொத்தான்களால் வேண்டாத செலவு செய்யவைத்ததாக எழுந்த புகாரில், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 24.5 கோடி டாலர் திருப்பித்தர 2022இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. திட்டுவதற்கு முன் அவன் வாங்கியவற்றின் பட்டியலைப் பாருங்கள்.