பூட்டிய அறைக்குச் சாவி யாரிடம்?

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில், நீண்ட மர்மத் தொடர்களில் பேயைக் காட்டிலும் ஆசிரியரின் மறதிதான் அதிகம் அச்சமூட்டுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் காரைக்குடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்கள், பலகாரக் குறிப்புகளுக்கு வரும் கடிதங்களையே மிஞ்சிவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: நூற்றுக்கணக்கான கதைகளை எழுதுகிற ஒருவர் அவை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? உங்கள் வரி எனக்கு வருத்தம் தந்தது. (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: நியாயமில்லைதான், அந்த வரியை நான் இன்னும் நிதானமாக எழுதியிருக்க வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸின் தோழரான டாக்டர் வாட்சனுக்கு 1887இல் வந்த முதல் நாவலில் தோளில் குண்டுக்காயம். அடுத்த நாவலிலேயே அந்தக் காயம் காலுக்கு இறங்கிவிடுகிறது. அதற்காக யாரும் புத்தகத்தை வீசியெறியவில்லை. அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ, 1920இல் அறிமுகமாகும்போதே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போலீஸ்காரர். அவருடைய கடைசி வழக்கு வெளியானதோ 1975இல். கணக்குப் பார்த்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். இவையெல்லாம் மன்னிக்கத்தக்க மறதிகள்.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஆவி ஊருணிக்கரையைத் தாண்டாது என்று இருபது வாரம் நம்மை நம்பவைத்துவிட்டு, வில்லனைக் கொல்ல வேறு வழி தெரியாத காரணத்தால் இருபத்தோராவது வாரம் அதை ஊருக்குள் நடக்க விடுகிறார்களே, அதைத்தான் சொன்னேன். காயம் இடம் மாறலாம். கதையின் விதி மாறக்கூடாது. மாறினால், அதுவரை நாம் பயந்த பயத்துக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

கேள்வி: பேய், பேய் என்று நடுங்கவைத்துவிட்டுக் கடைசியில் ஒரு மனிதனின் சூழ்ச்சி என்று முடிக்கும்போது எரிச்சலாக இருக்கிறது. அமானுஷ்யத் தொடரில் அமானுஷ்யம் இருக்க வேண்டாமா? (ஒரு வாசகி, புதுவயல்)

பதில்: உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால், மனிதன் செய்தான் என்பதற்காக நாம் எரிச்சல் அடைவதில்லை என்றே நினைக்கிறேன். நாம் பட்ட பயத்தின் அளவுக்கு அந்த மனிதனோ அவனுடைய காரணமோ பெரிதாக இல்லாததுதான் குறை. ஐம்பது வாரம் ஊரையே கதவடைக்க வைத்த உருவம், கடைசியில் கால் ஏக்கர் நிலத்துக்காக வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்ட சித்தப்பா என்றால் யாருக்குத்தான் மனம் ஆறும்?

ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், இறந்தவர்களுடன் பேச முடியும் என்று உறுதியாக நம்பி, அந்த நம்பிக்கையைப் பரப்ப ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றியவர். ஆனாலும் தம் துப்பறிவாளரின் உலகத்துக்குள் ஓர் ஆவியைக்கூட அவர் நுழையவிடவில்லை. சொந்த நம்பிக்கை வேறு, தொடரின் விதி வேறு என்று பிரித்துப் பார்க்கும் அந்தக் கட்டுப்பாடு பெரிய விஷயம்.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான வழியில் சென்று வென்றது, 1990களில் சன் தொலைக்காட்சியில் வந்த 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய அந்தத் தொடர் உளவியல் விளக்கத்தையும் தெய்வ நம்பிக்கையையும் அருகருகே நடக்கவிட்டது. ஒன்றுக்காக மற்றொன்றைக் கேலி செய்யவில்லை. முடிவை இங்கே உடைக்க மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர்த் தெய்வத்துக்கு மண்குதிரைகளைச் சுமந்து செல்லும் புரவியெடுப்பு நடக்கும் ஊர்களில் வளர்ந்த நமக்குக் கருப்பர் பேய் அல்லர், காவல் தெய்வம். குதிரையின் மேல் வருவது யார் என்பது வெளியூர்க்காரரின் பயம்; அது புறப்பட்டு வரும்படி நாம் என்ன தவறு செய்தோம் என்பது நம்முடைய பயம். அந்தத் தொடர் இந்த இரண்டாவது பயத்தைப் புரிந்துகொண்டிருந்தது. அதனால்தான் எங்கள் தெருவில் அதைப் பார்த்த பெரியவர்கள் குழந்தைகளைப் போல அலறாமல், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கேள்வி: சங்கர்லாலா, கணேஷ் – வசந்தா? ஒருவரைத்தான் சொல்ல வேண்டும். (கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: ஊர்ப்பாசம் சங்கர்லாலின் பக்கம் இழுக்கிறது. அவரைப் படைத்த தமிழ்வாணன் 1926இல் தேவகோட்டையில் பிறந்தவர். தேநீர் குடித்தபடியே வழக்கை அவிழ்க்கும் சங்கர்லால் வெளிநாட்டு நகரங்களில் சர்வசாதாரணமாகப் போய் இறங்குவது மற்ற ஊர் வாசகர்களுக்கு வியப்பாக இருந்திருக்கலாம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஆட்களிடமிருந்து ரங்கூன், பினாங்கு முத்திரை குத்திய கடிதங்கள் வந்துகொண்டிருந்த வீடுகளில், அது பக்கத்து வீட்டுச் செய்தியைப் போலத்தான் படிக்கப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

எனினும் மறுபடி படிக்க எடுப்பது, சுஜாதா படைத்த வக்கீல்களான கணேஷ் – வசந்தைத்தான். 1968இல் 'நைலான் கயிறு' தொடரில் கணேஷ் தனியாகத்தான் வந்தார். வசந்த் பிற்பாடு வந்து சேர்ந்தவன். வசந்த் வந்த பிறகுதான் கணேஷின் அறிவுக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. ஆவியா, அறிவியலா என்ற ஊசலாட்டத்தையே முதுகெலும்பாகக் கொண்ட 'கொலையுதிர் காலம்' அந்த இருவர் இல்லாமல் நின்றிருக்காது. சங்கர்லாலுக்குச் சந்தேகமே வராது. சந்தேகப்படாதவரோடு சேர்ந்து நாம் எப்படிப் பயப்படுவது?

கேள்வி: படங்களிலும் தொடர்களிலும் பேய் பங்களா என்றால் உடனே எங்கள் ஊர்ச் செட்டிநாட்டு வீடுகளைக் காட்டிவிடுகிறார்கள். இது சரியா? (ஒரு வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: சரியா என்பதைவிட, பொருந்துமா என்று கேளுங்கள். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் ஓடும் வீடு அது. தலைவாசலில் நின்றால் பின்வாசலின் வெளிச்சம் தெரியும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். இப்படி ஒளிவுமறைவே இல்லாத வீட்டில் பேய் எந்த மூலையில் போய் நிற்கும்? இறந்தவர்களைக் கண்டு நடுங்குகிற வழக்கமும் நம் வீடுகளில் இல்லை. அவர்களுக்குப் படைப்பு உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லிப் புடவையும் வேட்டியும் வைத்துச் சாப்பாட்டுக்கு அழைக்கிறோம்.

நம் வீடுகளின் உண்மையான மர்மம் வளவின் இரு பக்கமும் உள்ள அறைகளில் இருக்கிறது. ஒவ்வோர் அறையும் மணமான ஒரு மகனின் பங்கு. தலைமுறைகள் செல்லச் செல்லச் சாவிகள் எந்தெந்த ஊரிலோ இருக்கும். என் ஆயா வீட்டில் மூன்றாவது அறை என் சிறுவயது முழுவதும் பூட்டியே கிடந்தது. அதற்குள் இருந்தவளுக்கு நாங்கள் பெயர் வைத்து, குரல் கொடுத்து, வெள்ளிக்கிழமைகளில் அழவும் வைத்தோம். ஒரு கல்யாணத்துக்காகப் பங்காளி ஒருவர் மலேயாவிலிருந்து சாவியோடு வந்து திறந்தபோது, உள்ளே மங்குப் பாத்திரங்களும் எலி கடித்த ஓலைக் கொட்டான்களும் இருந்தன. நான் பட்ட ஏமாற்றம் கொஞ்சமல்ல. புதுவயல் வாசகியின் எரிச்சல் எனக்கு அந்த வயதிலேயே பழக்கம். ஆனால் அந்த மனிதர் ஏன் இருபது ஆண்டுகளாக வரவில்லை, ஏன் அந்தச் சாவியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை என்பது பின்னாளில் தெரியவந்தபோது, நாங்கள் கட்டிய பேய்க்கதை அதன் பக்கத்தில்கூட நிற்க முடியவில்லை. நம் வீடுகளை வாடகைக்கு எடுப்பவர்கள் தூண்களைத்தான் படம் பிடிக்கிறார்கள். சாவியைப் பற்றி யாராவது தொடர் எழுதினால் முதல் சந்தா என்னுடையது.

கேள்வி: ஒரு தொடரை எப்போது முடிக்க வேண்டும்? (ஒரு வாசகர், பள்ளத்தூர்)

பதில்: துப்பறிவாளரின் குடும்பச் சண்டைக்கு வழக்கைவிட அதிகப் பக்கம் ஒதுக்கும்போது. 1893இல் ஹோம்ஸை அருவியில் தள்ளி முடித்த டாயிலே, பத்தாண்டுகளுக்குள் அவரைத் திரும்ப அழைத்துவர நேர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: வார இதழ்களில் வந்த மர்மத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து அப்பச்சி பைண்டு செய்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு தொடருக்குக் கடைசி இரண்டு அத்தியாயங்கள் இல்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமலே முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, கோட்டையூர்)

பதில்: தொலைந்தவற்றைத் தேட வழி செய்துவைத்தவர் உங்கள் ஊர்க்காரரேதான். ரோஜா முத்தையா கோட்டையூரில் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் கொண்டுதான், அவருடைய மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைக்கப்பட்டது. கிழித்த பக்கங்களின் மேல் ஓரத்தையோ அடியையோ பாருங்கள். இதழின் பெயரோ தேதியோ தப்பியிருக்கும். அவையும் இல்லையென்றால் பின்பக்கத்து விளம்பரங்களைப் பாருங்கள். புதுப்பட வெளியீடும் தீபாவளித் தள்ளுபடியும் ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த விவரங்களோடு நூலகத்துக்கு எழுதுங்கள். கண்டுபிடித்துவிட்டால், கொலைகாரனின் பெயரை மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள். எந்தத் தொடர் என்பதை நீங்கள் சொல்லவில்லை. நானும் பாதியில் விட்ட ஒன்றாக இருக்கலாம்.