அந்த இரண்டு வாளித் தண்ணீர்

கேள்வி: நான் அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். வயது 24. அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோர் மூலம் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகலுக்கு வந்து 14 மாதம் ஆகிறது. காவ்லாக் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். இவர்கள் பேசும் வோலோஃப் மொழி ஓரளவு பேசுவேன். ஆனாலும் பிள்ளைகள் என்னைக் கண்டால் ‘துபாப்’ என்று கத்துகிறார்கள். வெளிநாட்டுக்காரி என்று அர்த்தம். பெரியவர்கள் இந்தி சினிமாப் பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். என்ன செய்தாலும் இவர்களுக்கு நான் வேற்றாள்தான். இன்னும் 13 மாதம் இருக்கிறது. பாதியில் திரும்பிவிட்டால் தப்பா அம்மா?

பதில்:

உன் கடிதம் நான்கு பக்கம். அதில் முக்கால்வாசி தனிமை, வெயில், துபாப், நீ போட்டும் யாரும் எட்டிப் பார்க்காத காய்கறித் தோட்டம். இதே கடிதத்தை வேறு வேறு கையெழுத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். புது ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களும் இதையேதான் எழுதுகிறார்கள். அதனால் ஆறுதல் சொல்லி உன் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: அந்த வீட்டின் பத்து வயதுப் பெண் அடிக்கடி பள்ளிக்குத் தாமதமாகப் போகிறாள், பெற்றவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை. நான்காம் பக்கத்தில் வேறு எதையோ சொல்லும்போது இன்னொரு வரி: காலையில் கதவைத் திறந்தால் அவள் வைத்துவிட்டுப் போன இரண்டு வாளித் தண்ணீர் இருக்கும், அதில் குளித்துவிட்டுக் கிளம்புவேன்.

இரண்டையும் நீயே எழுதியிருக்கிறாய். சேர்த்து ஒருமுறை படித்துப் பார்த்தாயா?

உன் வாளி 20 லிட்டர். அப்படியென்றால் 20 கிலோ. அவள் உடம்பே 30 கிலோ இருந்தால் அதிகம். விடியும் முன்னே கிணற்றில் கயிறு இழுத்து, அந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றி, உனக்காக மட்டும் இரண்டு நடை. வீட்டுக்கான தண்ணீர் தனி. அதற்கப்புறம்தான் பள்ளி. அங்கே பாடமெல்லாம் பிரெஞ்சில், அவள் வீட்டில் பேசாத மொழியில். முதல் அரைமணி நேரத்தைத் தவறவிட்ட பிள்ளை மிச்சத்தை எங்கே போய்ப் பிடிப்பாள்? பெற்றவர்களைக் குறை சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

மாதாமாதம் பணம் கொடுக்கிறேன் என்பாய். அது அரிசிக்கும் அறைக்கும். அந்தப் பிள்ளையின் காலைப்பொழுது அதில் சேராது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். தியெஸ் நகரில் பயிற்சி பெற்ற மூன்று மாதத்தைக் கழித்தாலும் இந்த வீட்டில் உனக்குப் 11 மாதம் ஆகிறது. முந்நூறு காலைகளுக்கு மேல் விருந்தாளியாகவே இருந்துவிட்டு, என்னை வேற்றாளாகப் பார்க்கிறார்கள் என்று அழுதால் யார் என்ன செய்ய முடியும்? அந்தக் குடும்பத்தின் பெயரையே உனக்கும் வைத்திருக்கிறார்கள். பெயரை வாங்கிக்கொண்டாய், வாளியை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் மகள் என்றால் வேலையும் அவளுக்கு உண்டு. அப்படித்தான் நான் வளர்ந்தேன், அப்படித்தான் என் பெண்ணையும் வளர்த்தேன்.

அந்த அம்மா உன்னிடம் வாய் திறந்து கேட்க மாட்டார். அங்கே விருந்தோம்பலுக்குத் தெராங்கா என்று பெயர். விருந்தாளியை வேலை வாங்குவது வீட்டுக்கே அவமானம். மதியம் எல்லோரும் ஒரே பெரிய கிண்ணத்தைச் சுற்றி உட்காரும்போது, நடுவில் இருக்கும் மீனைப் பிய்த்து உன் பக்கம் போடுகிறாரே, அதே மனசுதான் தண்ணீர் விஷயத்திலும். நீ வாளியைத் தூக்கினால் அவர் பிடுங்கத்தான் வருவார். ‘உங்கள் பெயர் எனக்கும் இருக்கிறதே, நான் உங்கள் பெண் இல்லையா?’ என்று வோலோஃபில் கேள். அவர் சிரிப்பார், ஆனாலும் விடமாட்டார். மறுநாளும் தூக்கு.

முதல் வாரம் பாதித் தண்ணீர் உன் முதுகில்தான் இறங்கும். கிணற்றடியில் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான் சின்ன வயதில் இடுப்பில் குடம் சுமந்தவள்; எனக்கும் முதல் நாள் பாவாடையெல்லாம் ஈரம். ஜூலை, ஆகஸ்டில் யார் வீட்டில் கம்பு தீர்ந்துபோயிற்று, யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். உன் தோட்டத்துக்குப் பெண்கள் ஏன் வரவில்லை என்பதும் அங்கேதான் தெரியும்.

உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் ஒரு நாள்கூட அங்கே இருக்காதே. உன் நான்கு பக்கத்தில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை.

சரி, நாளைக் காலை அவளுக்கு முன்னே எழுந்துகொள். துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்ட அவளையே கற்றுக்கொடுக்கச் சொல். ஒரு மாதம் கழித்து, அவள் எத்தனை மணிக்குப் பள்ளிக்குப் போகிறாள் என்று எழுது. ஊர் திரும்புவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.