போர்க்காலத்தில் சிறுபான்மையினர் எப்படித் தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள்?

கட்சி, இயக்கம் என்று பெரிதாக யோசித்துக் கேட்கிறீர்கள் போல. ஆனால் நெருக்கடியில் முதலில் வேலை செய்வது பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும்தான். வட இலங்கை முஸ்லிம்களைப் பாருங்கள். 1990 அக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் அவர்களை வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். கையில் சில நூறு ரூபாய்தான் அனுமதி. பெண்களின் காதுத்தோடுகூடத் தப்பவில்லை. போனவர்கள் சுமார் எழுபதாயிரம் பேர்.

பெரும்பாலானோர் வடக்குக்கு வெளியே, மேற்குக் கரையில் உள்ள புத்தளம் போனார்கள். அங்குள்ள பள்ளிவாசல்கள் சோறு போட்டன, உள்ளூர்க்காரர்கள் தென்னந்தோப்புகளில் இடம் கொடுத்தார்கள். அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. பல முகாம்களில் பழைய ஊர்க்காரர்கள் சேர்ந்தே கிடுகுக் கொட்டில் போட்டார்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களில் ஒன்றான மன்னார் எருக்கலம்பிட்டியின் பெயரிலேயே புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ஊர் போனாலும் ஊர்க்கட்டு போகவில்லை. (நாளடைவில் தண்ணீர், வேலை, பள்ளி இடம் என்று உள்ளூர்க்காரர்களோடு உரசலும் வந்தது. அது வேறு கதை.)

அரசியல் தளத்தில் இவ்வளவு கைகூடவில்லை. அரசும் புலிகளும் நடத்திய 2002 சமாதானப் பேச்சில் முஸ்லிம்கள் தனித் தரப்பாக உட்காரக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஆயுதம் இல்லாதவருக்கு மேசையில் நாற்காலி போட இரு தரப்புக்கும் மனம் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.