டர்பனிலிருந்து ராண்ட் வரை: சிறு விமானத்தில் அருங்காட்சியகம் காணச் செல்வோர் கேட்டவை

டர்பன் கடற்கரையை ஒட்டிய வர்ஜீனியா விமான நிலையத்திலிருந்து நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172-இல் புறப்பட்டு, ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த ஜெர்மிஸ்டனில் உள்ள ராண்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்குள்ள தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்துத் திரும்பியதை நம் அன்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு, பகுதிநேரப் பயிற்றுநர் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வரையில் பதில் தருகிறேன்.

சாட்ஸ்வொர்த் அன்பர்: பிரிட்டோரியாவுக்கு அருகே ஸ்வார்ட்காப்பில் விமானப்படை அருங்காட்சியகமே இருக்கும்போது, ஏன் ராண்டைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஸ்வார்ட்காப் ஒரு படைத்தளம். முன்அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. ராண்ட் பொதுமக்களுக்கான நிலையம்; விமானத்தை நிறுத்திவிட்டு நடந்தே அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். இரண்டையும் பார்க்க விரும்புவோர் ராண்டில் இறங்கி, வாடகைக் காரில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் ஸ்வார்ட்காப்பை அடையலாம். வாயிலில் காட்ட அடையாள அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கொரியப் போரில் நம் நாட்டின் 2-ஆம் படைப்பிரிவு ஓட்டிய சேபர் வகை ஜெட் போர் விமானத்தை அங்கே காணலாம் என்பதால், போர் விமானங்களில் நாட்டமுள்ளவர்களுக்கு அந்த அலைச்சல் வீண்போகாது.

பயிற்சி பெறும் மாணவர், பீனிக்ஸ்: வழியை எப்படி வகுத்தீர்கள், ஐயா? டிராக்கன்ஸ்பர்க் மலையை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது.

அந்த அச்சம் இருப்பது நல்லதே. பீட்டர்மாரிட்ஸ்பர்க், லேடிஸ்மித், வான் ரீனன் கணவாய், ஹாரிஸ்மித், வால் (Vaal) ஆற்று அணை என்று, பெரும்பாலும் டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையைக் கண்ணில் வைத்துக்கொண்டே போனேன். நேர்கோட்டுத் தூரம் 500 கிலோமீட்டரை ஒட்டி வரும்; எதிர்க்காற்றையும் ஏறும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கணவாய் ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. நம் பகுதியில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து 20 பாகைக்கும் மேலாக மேற்கே விலகியிருப்பதால், வரைபடத்தில் வடமேற்காகத் தெரியும் பாதை திசைகாட்டியில் வடக்கை நெருங்கிவிடும். இருந்தாலும் அது திசைகாட்டியின் மேற்கு அரைவட்டத்துக்குள்தான் (180 முதல் 359 பாகை வரை) அடங்கும் என்பதால், அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒதுக்கப்பட்ட உயரங்களில் ஒன்றான 8,500 அடி உரிய உயரமாகிறது. அந்த உயரத்தில் கணவாய்க்கு மேல் 3,000 அடி இடைவெளி கிடைக்கும்.

உண்மையான ஆபத்து மலையின் உயரத்தில் இல்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது மேகம் கணவாயின் தலையில் முக்காடு போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். டர்பனிலும் ஹாரிஸ்மித்திலும் வானம் தெளிவாக இருந்தாலும் நடுவில் கதவு சாத்தியிருக்கும். பள்ளத்தாக்குக்குள் நுழைந்த பிறகு "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்று எண்ணத் தொடங்கினால் திரும்ப இடமிருக்காது. ஆகையால் லேடிஸ்மித்துக்கு மேல் இருக்கும்போதே முடிவெடுங்கள். கணவாயின் மறுபுறத்து நிலம் தெரியவில்லையென்றால் லேடிஸ்மித்தில் இறங்கித் தேநீர் குடித்துக் காத்திருக்கலாம்.

இந்தப் பாதையைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டும். கணவாயைத் தாண்டினால் வருவது ஃப்ரீ ஸ்டேட் மாகாணம்; ஹாரிஸ்மித் அதில்தான் இருக்கிறது. 1891-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர் அங்கே குடியிருக்கத் தடை இருந்தது. 1980-களின் நடுப்பகுதியில்தான் அது நீங்கியது. அதுவரை இந்தியர் அந்த மாகாணத்தைக் கடந்து போகலாம், ஆனால் தங்கக் கூடாது. என் அப்பா ஜோகன்னஸ்பர்க் போகும்போதெல்லாம் லேடிஸ்மித்திலேயே பெட்ரோல் நிரப்பி, அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியையும் உருளைக்கிழங்குக் கறியையும் ஓடும் காரிலேயே சாப்பிட்டுவிட்டு, ஹாரிஸ்மித்தின் விளக்குகளை நிற்காமல் கடந்து போவார். அந்த ஊரின் கூரைகளை மேலிருந்து பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது.

டொங்காட் அன்பர்: நாங்கள் நான்கு பேர். நால்வரும் ஒரே விமானத்தில் வரலாமா?

இருக்கை நான்கு என்பதால் நான்கு பேர் ஏறலாம் என்று பொருளில்லை. பழைய செஸ்னா 172N வகையை எடுத்துக்கொள்வோம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,043 கிலோ. கருவிகளோடு வெற்று எடை 680 கிலோ என்று வைத்தால் மிச்சம் 363. பயன்படுத்தக்கூடிய 151 லிட்டர் எரிபொருளுக்கு ஏறத்தாழ 109 கிலோ போய்விடும். எஞ்சுவது 254 கிலோ. அதாவது மூன்று பெரியவர்களும் ஒரு கைப்பையும். உங்கள் விமானத்தின் எடைத்தாளில் உள்ள எண்ணை வைத்தே கணக்கிடுங்கள். பயணிகளிடம் எடையைக் கேட்க வெட்கப்படாதீர்கள். இந்தப் பயணத்துக்கு இரண்டு பேர் என்பதே என் கருத்து. மூன்றாமவர் வந்தால் எரிபொருளைக் குறைத்து ஏற்றிக்கொண்டு, வழியில் எரிபொருள் நிரப்பும் இடம் ஒன்றைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

லெனேசியா (ஜோகன்னஸ்பர்க்) அன்பர்: டர்பன்காரர்கள் எங்கள் ஊருக்குப் பறந்து வந்தால் திரும்பிப் போவதுதான் கடினம் என்கிறார்கள். உண்மையா?

முழு உண்மை. வர்ஜீனியா கடல் மட்டத்தில் இருக்கிறது. ராண்டின் உயரம் 5,483 அடி. அந்த உயரத்துக்கு இயல்பானதாகக் கணக்கில் கொள்ளப்படும் வெப்பநிலை 4 பாகை செல்சியஸ்தான். கோடை நண்பகலில் அங்கே 30 பாகை அடித்தால், விமானத்துக்குக் காற்று 8,600 அடி உயரத்தில் இருப்பதுபோல் மெலிந்துவிடும். காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்று சதவீத ஆற்றலை இழக்கும். கால் பங்கு போயே போய்விட்டது. இறக்கையும் உந்துவிசிறியும் பிடிக்கும் காற்றும் மெல்லியதே. தரையில் ஓடும் தூரம் இரு மடங்காகும். எழுந்த பிறகும் ஏற மனமில்லாததுபோல் இழுத்துக்கொண்டு போகும்.

நானே ஒருமுறை, உயர்நிலத்து ஓடுபாதை ஒன்றில், கடற்கரைப் பழக்கத்தில், எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்பு மிக்ஸ்சர் குமிழை முழுவதும் உள்ளே தள்ளியபடியே புறப்பட முயன்றேன். மெல்லிய காற்றுக்கு எரிபொருள் மிகுந்துபோய் எஞ்சின் இருமியது. ஓடுபாதையின் பாதியைத் தாண்டியும் வேகம் வராததால் பிரேக்கை அழுத்தி நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. அதுவே போதுமான தண்டனையாக இருந்தது. கையேட்டில் சொல்லியபடி, புறப்படும் முன்பே குமிழை மெல்ல வெளியே இழுத்து, எஞ்சின் சுழற்சி உச்சத்தை எட்டும் இடத்தைக் கண்டு சரிசெய்ய வேண்டும். விடியற்காலையில், 10 பாகை வெப்பத்தில் கிளம்பினால் அதே 8,600 அடி 6,200 ஆகக் குறையும். ஓர் இரவு தங்கித் திரும்புவதே அறிவு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அன்பர்: எந்த மாதம் ஏற்றது?

ஏப்ரல் கடைசியும் மே மாதமும். கோடையில் பிற்பகல் இடிமழை, குளிர்காலத்தில் மலைமேல் முரட்டு மேற்குக் காற்று.

பள்ளி ஆசிரியை, வெருலம்: அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கு எதைக் காட்ட வேண்டும்?

முதலில் லெபோம்போ. இந்த ஏர்வேஸ் 1971-இல் பெற்ற முதல் போயிங் 747 அதுதான். 2004-இல் அந்தச் சிறிய நிலையத்திலேயே வந்து இறங்கியது. அடுத்து மலூட்டி என்னும் 747எஸ்பி. சாதாரண 747-ஐவிட 14 மீட்டருக்கு மேல் குட்டையாக, ஊதிய தவளைபோல் நிற்கும். அதன் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். நிறவெறி அரசுக்கு எதிராக ஆப்பிரிக்க நாடுகள் 1963 முதல் தங்கள் வான்வெளியை மூடியதால், ஐரோப்பா செல்லும் விமானங்கள் கண்டத்தின் மேற்குப் புடைப்பைக் கடல்வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. அந்த நீண்ட சுற்றுக்கு ஏற்றதாகவே இந்த வகையில் ஆறு விமானங்களை வாங்கினார்கள். அவற்றுள் மட்ரூஸ்பர்க் என்பது 1976 மார்ச்சில் அமெரிக்காவின் எவரெட்டிலிருந்து கேப் டவுன் வரை 16,560 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் 17 மணி 22 நிமிடத்தில் கடந்தது. ஹாரிஸ்மித்தில் நிற்க முடியாத என் அப்பாவும் கண்டத்தைக் கடக்க முடியாத அந்த விமானமும் ஒரே அரசின் கைவேலை என்று எனக்குத் தோன்றியது.

பீனிக்ஸ் மாணவர் மீண்டும்: உரிமம் கிடைத்ததும் நண்பர்களிடம் கட்டணம் வாங்கி அழைத்துப் போகலாமா?

கூடாது. தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 45 மணி நேரப் பறப்பும் மருத்துவச் சான்றும் வேண்டும். அவை எல்லாம் இருந்தாலும் கூலிக்கு ஆள் ஏற்றும் உரிமை அதில் இல்லை.

சாட்ஸ்வொர்த் அன்பர் மீண்டும்: எண்பத்தொரு வயதான தாத்தாவை அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். விமானத்தில் கழிப்பறை கிடையாது. ஆகவே போகும்போதும் வரும்போதும் லேடிஸ்மித்தில் இறங்குவதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு கம்பளிப் போர்வையும், காதடைப்புக்கு இஞ்சி மிட்டாயும் எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது மலைச்சுவர் இடப்புறம், அதாவது நீங்கள் அமரும் பக்கம் வரும். தாத்தாவை உங்களுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். திரும்பும்போது அது வலப்புறம் வரும். அப்போது முன்னிருக்கை அவருக்கு.