ஸ்கிரப் டைபஸுக்கு (நுண்ணிய பூச்சி கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சல்) இனி டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டு மருந்தும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டுமா? வார்டில் நிற்கும் பயிற்சி மருத்துவர் எதைக் கவனிக்க வேண்டும்?

உறுப்பு பாதிப்பு இருந்தால் ஆம். வெறும் காய்ச்சலும் தலைவலியுமாக நடந்து வருபவருக்கு ஒரு மருந்தே போதும்.

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது 2023-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இன்ட்ரெஸ்ட் ஆய்வு. வேலூர் சி.எம்.சி. முன்னின்று, இந்தியாவில் பல மருத்துவமனைகளில் நடத்தியது. ஓர் உறுப்பாவது பாதிக்கப்பட்ட 794 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று 7 நாள் ஐ.வி.யாக (ரத்த நாளம் வழியாக) கொடுத்தார்கள். 28 நாளுக்குள் மரணம், 7-ஆம் நாளிலும் தீராத உறுப்பு பாதிப்பு, 5-ஆம் நாளிலும் விடாத காய்ச்சல், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வந்தாலே தோல்வி என்று கணக்கு. இரண்டும் சேர்த்து வாங்கியவர்களில் 33 சதவீதம், டாக்ஸி மட்டும் வாங்கியவர்களில் 47, அசித்ரோ மட்டும் வாங்கியவர்களில் 48 சதவீதம் தோல்வி. அதாவது ஏழெட்டுப் பேருக்குச் சேர்த்துக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதல் பலன்.

கேஸ் பிரசன்டேஷனில் இதைச் சொல்லும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 28 நாள் மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ‘சேர்த்துக் கொடுத்தால் உயிர் பிழைப்பார்கள்’ என்று சொல்லிவிட்டால் எக்ஸாமினர் அங்கேயே பிடித்துக்கொள்வார். உறுப்புகள் சீக்கிரம் தேறுகின்றன என்பது வரைக்கும்தான் இந்த ஆய்வை இழுக்கலாம். ஆய்வில் இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் பாருங்கள்: 62 சதவீதத்தினருக்கு நுரையீரல், 54 சதவீதத்தினருக்குக் கல்லீரல், 42 சதவீதத்தினருக்கு இதய ரத்த ஓட்டம் பாதிப்பு. ஓ.பி.யில் சீட்டு வாங்கி நிற்பவர் இந்தக் கூட்டத்தில் இல்லை.

இரண்டு மருந்து என்றாலே இரட்டிப்புப் பலன் என்றும் இல்லை. வட தாய்லாந்தில் டாக்ஸியோடு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லை என்று அந்தக் குழுவையே பாதியில் கைவிட்டார்கள். 2000-இல் லான்செட்டில் வந்தது. அதே ஆய்வில் ரிஃபாம்பிசின் தனியாக நன்றாகவே வேலை செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சரி, வார்டுக்கு வருவோம். பாடத்துக்காக நான் அமைத்த ஒரு கேஸ்: 42 வயதுப் பெண், வயல் வேலை, 7 நாள் காய்ச்சல். வெளியில் 2 நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் இறங்கவில்லை. பிளேட்லெட் 62,000, வெள்ளை அணுக்கள் 13,200, கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.ஓ.டி. 140. மூச்சு நிமிடத்துக்கு 30. கேஸ் ஷீட்டில் ‘டெங்கு?’ என்று எழுதி டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

தவறு இரண்டு இடத்தில். டெங்குவில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறையும். பிளேட்லெட் குறைந்து வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தால் ஸ்கிரப் டைபஸும் லெப்டோவும் (எலிக்காய்ச்சல்) நினைவுக்கு வர வேண்டும். அடுத்தது டிரிப்ஸ். இந்த நோயில் ரத்த நாளங்களே கசிகின்றன. பிளேட்லெட் எண்ணைப் பார்த்துப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் அது நுரையீரலில்தான் போய்த் தேங்கும். மூச்சு 30 இருப்பவருக்கு ஒவ்வொரு முறை திரவம் ஏற்றிய பிறகும் முதுகுப் பக்கம் கீழே ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். பி.பி. நிற்கவில்லை என்றால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார் அட்ரினலினைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

பிறகு எஸ்கார் தேடல், அதாவது பூச்சி கடித்த இடத்தின் தடம். சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் ‘எங்காவது புண் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பெண்களுக்கு மார்பும் வயிறும், குறிப்பாக மார்பின் கீழ் மடிப்பும் பாவாடை நாடா இறுகும் இடமும். ஆண்களுக்கு அக்குள், தொடை இடுக்கு, விதைப்பை. குழந்தைகளுக்குக் காதின் பின்புறத்தையும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். திரை இழுத்து, பெண் நோயாளி என்றால் சிஸ்டரைக் கூட வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு இருக்காது, வெளிர் மஞ்சள் அடியுடன் ஆழமில்லாத புண்ணாக இருக்கும். சேற்றுப்புண் என்று தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு குறுக்கு வழி: எங்காவது ஒரு பக்கம் மட்டும் நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த நெறிக்கு வடியும் தோல் பரப்பை அங்குலம் அங்குலமாகத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகாது.

ஐ.ஜி.எம். எலைசா (நோய்க்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ரத்தப் பரிசோதனை) முதல் சில நாட்களில் நெகட்டிவாக வரலாம், ஒரு வாரம் நெருங்கும்போதுதான் நம்பலாம். பழைய தொற்றிலிருந்து மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்பதும் உண்டு. பொருக்கு கிடைத்தால் அதைக் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆருக்கு அனுப்பலாம், அது முதல் வாரத்திலேயே கைகொடுக்கும். வெய்ல் ஃபெலிக்ஸ் என்ற பழைய ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று நிம்மதி அடைய வேண்டாம். எந்த ரிப்போர்ட்டுக்காகவும் முதல் டோஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்து கொடுக்கும் முறை. லேசான நோய்க்குப் பெரியவர்களுக்கு டாக்ஸி 100 மி.கி. இரண்டு வேளை, 7 நாள். கர்ப்பிணிக்கு அசித்ரோ 500 மி.கி. தினம் ஒரு வேளை, 5 நாள். ஐ.வி. டாக்ஸியை 100 மி.லி. நார்மல் சலைனில் அரை மணி நேரமும், அசித்ரோ 500 மி.கி.யை 250 மி.லி.யில் ஒரு மணி நேரமும் ஓட்டுவார்கள். அசித்ரோவுக்கு முன் இ.சி.ஜி.யில் கியூ.டி.யை (இதயத் துடிப்பின் ஒரு மின் இடைவெளி) பார்த்துவிடுங்கள், அசித்ரோ அதை நீட்டலாம். வாந்திக்கு ஆன்டான்செட்ரான் ஓடுகிறதா, பொட்டாசியம் குறைந்திருக்கிறதா என்பதும் அதோடு சேர்ந்த விஷயம், இரண்டுமே கியூ.டி.யை இன்னும் நீட்டும். மாத்திரையாகப் போனால் இரும்பு, கால்சியம், ஆன்டாசிட், சுக்ரால்ஃபேட் எதுவும் அதே நேரத்தில் கூடாது. டாக்ஸி குடலிலேயே கட்டுண்டுவிடும். ‘டாக்ஸிக்குக் கேட்கவில்லை’ என்று மேலிடத்துக்கு எழுதும் முன் டிரக் சார்ட்டில் இந்த நான்கையும் தேடுங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கவும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

இன்னொரு பொறி மூளைப் பக்கம். பத்து நாள் காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு. முதுகுத் தண்டு நீரில் லிம்போசைட்டுகள், புரதம் அதிகம், சர்க்கரை ஏறக்குறைய சரி. டி.பி. மெனின்ஜைட்டிஸ் (காசநோயால் வரும் மூளைச்சவ்வு அழற்சி) என்று ஏ.டி.டி. (காசநோய்க் கூட்டு மருந்து) தொடங்கினால் மூன்றே நாளில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. டி.பி.தான் உறுதியாயிற்று என்று பெரும்பாலும் இங்கேதான் முடிவு கட்டப்படுகிறது. ஆனால் ஏ.டி.டி.யில் உள்ள ரிஃபாம்பிசினே ஸ்கிரப் டைபஸைக் கொல்லும். டி.பி. மெனின்ஜைட்டிஸ் அவ்வளவு வேகமாக இறங்குவது அபூர்வம். உடலில் எஸ்கார், ரத்தத்தில் பிளேட்லெட் குறைவு, என்சைம் ஏற்றம், புதிதாகக் காது மந்தம் என்று எதுவாவது இருந்தால், ஏ.டி.டி.யின் முதல் மாத்திரைக்கு முன்பே சீரத்தை எடுத்து ஐ.ஜி.எம்.முக்கு அனுப்பிவிட்டு டாக்ஸியையும் தொடங்கிவிடுங்கள்.

சிக்கலில்லாத நோயில் சரியான மருந்து போன 48 மணி நேரத்தில் காய்ச்சல் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் மருந்து உள்ளே போனதா, கூடவே டெங்கு, லெப்டோ, மலேரியா இருக்கிறதா, ஐ.வி. போட்ட இடம் சீழ் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்கு எதிர்ப்பு என்பதைக் கடைசியாக யோசித்தால் போதும்.